செங்கம் காலில் கறுத்துப் போன வெட்டு

பணியின் பெயர்: பல்நோக்குப் பணியாளர், ஒப்பந்த அடிப்படை. கல்வித் தகுதி: எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல் போதுமானது. பணிகள்: அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்தல், குடிநீர் நிரப்புதல், கோப்புகளை மேசைக்கு மேசை எடுத்துச் செல்லுதல். குழந்தைகள் தொடர்பான எந்த முடிவிலும், எந்த மதிப்பீட்டிலும் இப்பணியாளருக்குப் பங்கு இல்லை.

ரேணுகாம்பாளைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான். இதில் கோப்பு தூக்குவது உண்மை. பெருக்குவது திங்கள், வியாழன் மட்டும் உண்மை. கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவருக்கு வயது நாற்பத்தேழு. ஊர் அடி அண்ணாமலை. வீடு கிரிவலப் பாதையை ஒட்டியே இருப்பதால், வாசலில் கணவர் கண்ணாயிரம் டீக்கடை போட்டிருக்கிறார். சாதாரண நாட்களில் அந்தக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். பௌர்ணமி அன்று அடுப்பு அணைவதில்லை. அன்றைக்கு ரேணுகாம்பாள் லீவு போட்டுவிட்டு டம்ளர் கழுவுவார். மற்ற நாட்களில் டவுன் பஸ் பிடித்து ஒன்பதேமுக்காலுக்குத் திருவண்ணாமலை வந்து அலுவலகத்தைத் திறப்பார். ஊரில் குழந்தைகள் நலத்துக்கென்று பல அலுவலகங்கள் இருக்கின்றன; பலகைகள் அதைவிட ஜாஸ்தி. இது எந்த அலுவலகம் என்று சொல்வதாக இல்லை. சொன்னால் மற்றவை கோபித்துக்கொள்ளும்.

அலுவலகத்தின் வேலை எளிமையாகச் சொன்னால் இதுதான்: வீட்டை விட்டு ஓடி வந்த, வேலைக்கு அனுப்பப்பட்ட, கேட்பாரற்ற குழந்தைகளை இல்லத்தில் சேர்ப்பது, விசாரிப்பது, அதற்கென்று இருக்கும் குழுவிடம் உத்தரவு வாங்கிப் பெற்றோரிடமோ உறவினரிடமோ அனுப்பி வைப்பது. அனுப்பிய பிறகு குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதும் வேலையில் சேர்ந்ததுதான். முதல் பாதியைப் போட்டோ எடுக்கலாம், சால்வை போடலாம். இரண்டாம் பாதிக்கு வண்டி வேண்டும், டீசல் வேண்டும், போக ஆள் வேண்டும். ஆகவே போன் போட்டார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தலைமை அலுவலகம் மாவட்டங்களுக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தது. நல்ல எண்ணம்தான். குழந்தைகளுக்குப் பரீட்சை வைக்கும் நாட்டில் குழந்தைகளைக் காப்பவர்களுக்கும் ஒரு பரீட்சை இருக்கட்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். பதினாறு அளவுகோல்கள். அதில் ஏழாவது: வீடு திரும்பிய குழந்தைகளில் எத்தனை சதவீதம் பேர் நலமாக இருக்கிறார்கள்? இதற்குக் கணினியில் ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் ஒரு முறை மூன்று கட்டங்கள் வரும். திருப்திகரம், திருப்திகரமில்லை, தொடர்பு கிடைக்கவில்லை. முதல் கட்டத்தைத் தொட்டால் வேலை முடிந்தது. இரண்டாவதைத் தொட்டால் பதினோரு பக்கங்கள் திறக்கும், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு நட்சத்திரம் போட்ட கேள்விகள். மூன்றாவதைத் தொட்டால் ஏழு நாளில் நேரில் போய்ப் பார்த்துப் படம் ஏற்ற வேண்டும். இந்தப் பக்கத்தை வடிவமைத்தவர் மனித சுபாவத்தைக் கரைத்துக் குடித்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் மனிதர்களைச் சந்தித்தே இராதவராக இருக்க வேண்டும்.

அலுவலகத்தின் பொறுப்பில் வீடு திரும்பிய குழந்தைகள் நாற்பத்தொரு பேர். பதினான்கு மாதமாக ஒருவர் விடாமல் எல்லாரும் திருப்திகரம். மாநிலத்தில் மூன்றாவது இடம். மார்ச் முடிந்து போடும் பட்டியலில் முதலிடத்துக்கு விருது உண்டு.

கட்டத்தைத் தொடுகிறவர் ஸ்கந்தன். கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளை, இருபத்தொன்பது வயது. பூஜை முறையை அண்ணனிடம் விட்டுவிட்டுக் கணினி படித்து இங்கே வந்தவர். மாதம் முழுக்க யாருக்காவது போன் போட்டு, "குழந்தை நல்லா இருக்கா? நல்லா இருக்குங்களா? சரிங்க" என்று மந்திரம் போலச் சொல்லி வைப்பார்.

ஒருநாள் தண்ணீர்க் கேனைச் சாய்த்துக்கொண்டே ரேணுகாம்பாள் கேட்டார்: "தம்பி, அந்தப் பக்கம் யாரு பேசனாங்க?"

"சித்தப்பா."

"புள்ள பேசுச்சா?"

"புள்ள பேசணும்னு ஃபார்ம்ல இல்லையேக்கா."

"நான் உன் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, ஸ்கந்தன் ஆபீஸ்ல தூங்காம வேலை செய்யறானான்னு கேட்டா இன்னா சொல்வாரு?"

ஸ்கந்தன் யோசித்தார். "திருப்திகரம்னுதான் சொல்வார்."

ரேணுகாம்பாளுக்குத் தன் வழி ஒன்று இருந்தது. அது ஆரம்பித்த கதை இது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாறன் என்ற ஏழு வயதுப் பையனை அவன் அம்மாவிடம் ஒப்படைத்தார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண். பையனின் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்த ரேணுகாம்பாளிடம், "எப்பக்கா வந்து கையெழுத்துப் போடணும்?" என்று பயந்துகொண்டே கேட்டாள்.

"ஆபீசுக்கெல்லாம் வாணாம். எப்படியும் பௌர்ணமிக்குச் சுத்த வருவ இல்ல? அடி அண்ணாமலையில எங்க கடைக்குப் புள்ளைய இட்டுனு வா. ஒரு பஜ்ஜி துன்னுட்டுப் போவட்டும்."

வந்தாள். பையன் கடைப் பந்தலின் சவுக்குக் கால் மேல் சாய்ந்து நின்று பஜ்ஜி தின்றான். இல்லத்தில் இருந்ததைவிடச் சதை போட்டிருக்கிறானா, இளைத்திருக்கிறானா என்று ரேணுகாம்பாளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எடை பார்க்க மெஷின் இல்லை. வாழைக்காய் சீவும் கத்தி கையில் இருந்தது. பையனின் உச்சந்தலைக்கு நேராகக் கம்பில் ஒரு வெட்டு வெட்டி, பக்கத்தில் மார்க்கரால் அவன் பெயரின் முதல் எழுத்தையும் மாதத்தையும் எழுதினார். அந்த மார்க்கர் அலுவலகத்துச் சொத்து. இந்தக் கதையில் நடந்த அரசு நிதி முறைகேடு இது ஒன்றுதான்.

"அடுத்த தபா வந்தா இன்னும் மேல வெட்டுவீங்களா?" என்றான் மாறன்.

"வளந்தா வெட்டுவேன். வளரலன்னா அதே வெட்டைச் சுரண்டி வுடுவேன்."

அவ்வளவுதான். அடுத்த பௌர்ணமிக்கு அம்மா பையனை அழைத்து வரவில்லை. பையன் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தான். பிறகு வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தையிடமும் ரேணுகாம்பாள் கடைக்கு வழி சொல்லி அனுப்பினார். நோட்டீஸ் அனுப்பினால் கதவைச் சாத்திக்கொள்ளும் குடும்பங்கள் பௌர்ணமிக்கு எப்படியும் மலை சுற்ற வந்தன. அரசாங்கத்தின் அழைப்பாணைக்கு இல்லாத அதிகாரம் நிலாவுக்கு இருந்தது. வந்தவர்கள் கடையைத் தாண்டிப் போக முடியாதபடி குழந்தைகள் பார்த்துக்கொண்டார்கள்.

பந்தலுக்கு நான்கு கால்கள். பஸ் ரூட்டின்படி பிரித்துக்கொண்டார்: செங்கம் கால், போளூர் கால், தண்டராம்பட்டுக் கால், கீழ்பென்னாத்தூர் கால். புதிதாக வெட்டிய இடம் வெள்ளையாக இருக்கும். நாள் போகப் போகக் கறுத்துவிடும். பௌர்ணமி முடிந்து இரண்டு நாள் கழித்து நான்கு கால்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும். எந்தப் பெயருக்குப் பக்கத்தில் வெள்ளை இல்லையோ அந்தக் குழந்தை வரவில்லை. பட்டியல் கிடையாது, கணினி கிடையாது, மின்சாரம் போனாலும் கவலையில்லை.

கண்ணாயிரத்துக்கு மட்டும் கவலை. "ஏ ரேணுகா, காலை வெட்டி வெட்டி, ஒருநாள் பந்தல் என் தலையில வுழப்போவுது."

"நீ குனிஞ்சு பஜ்ஜி துன்னுனு இருப்ப. உன் தலையில படாது."

இனியா செங்கம் காலைச் சேர்ந்தவள். வயது பதினொன்று. அப்பா இறந்து, அம்மா வேறிடம் போய், இல்லத்தில் ஒன்றரை வருடம் இருந்து, பிறகு செங்கம் தாண்டி இருக்கும் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை என்று நான்கு பௌர்ணமி அத்தையோடு வந்தாள். வெட்டும்போது குதிகாலைத் தூக்கி ஏமாற்றப் பார்ப்பாள். ரேணுகாம்பாள் ஒரு கையால் அவள் தோளை அழுத்திக்கொண்டு மறு கையால் வெட்டுவார். மார்கழிக்கு வரவில்லை. பனி, சளி பிடித்திருக்கும் என்று விட்டார். தைக்கும் வரவில்லை. செங்கம் காலில் மற்ற ஒன்பது பெயருக்கும் பக்கத்தில் வெள்ளை இருந்தது. இவளுடைய வெட்டு நான்கும் கறுத்திருந்தன.

ரேணுகாம்பாள் ஸ்கந்தனிடம் போனார். ஸ்கந்தன் கணினியைப் பார்த்தார். திருப்திகரம். மாமாவே போனில் சொல்லியிருக்கிறார்: நல்லா இருக்கா, ஸ்கூல் போறா.

ரேணுகாம்பாள் அலுவலர் கோதண்டராமனிடம் போனார். கோதண்டராமன் ஐம்பத்தாறு வயது, கெட்டவர் அல்ல. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு பௌர்ணமி விடாமல் கிரிவலம் போகிறவர். பாதையில் ஓரடிகூடப் பின்னால் எடுத்து வைத்ததில்லை என்பது அவருடைய பெருமை. ஒருமுறை செருப்பு விட்ட கடையைத் தாண்டிவிட்டார் என்பதற்காகப் புதுச் செருப்பு வாங்கியவர்.

"சார், இனியா ரெண்டு மாசமா வரல."

"எங்க வரல?"

"எங்க கடைக்கு."

கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, உன் டீக்கடைக்கு ஒரு பொண்ணு வரலன்னா அது டீயோட பிரச்சனை. கவர்ன்மென்ட் பிரச்சனை இல்ல."

"ஒருதபா போய்ப் பாக்கலாம் சார்."

"ஃபைல் மூடியாச்சு. பந்தக்கால்ல வெட்டு இல்லன்னு காரணம் எழுதி நான் ஃபைலைத் தொறக்கணுமா? படிக்கறவன் சிரிக்க மாட்டான்?"

வந்த ஞாயிற்றுக்கிழமை ரேணுகாம்பாள் செங்கம் பஸ் ஏறினார். அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் நடை. மாமன் வீட்டில் இல்லை. அத்தைக்காரி வாசலில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"இனியா எங்கம்மா?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கு."

"ஞாயித்துக்கெழமையிலா?"

"ஸ்பெசல் கிளாசு."

"ஆறாங்கிளாசுக்கு இன்னாமா ஸ்பெசல் கிளாசு? பையி ஆணியில தொங்குது. வெறுங்கையோடவா போச்சு?"

அத்தைக்காரி கடலையை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த வீட்டுப் பெண் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் தண்ணீரிடம் சொல்வதுபோல் சொன்னாள்: "தீபம் முடிஞ்ச கையோட பெங்களூர்ல ஒரு வூட்டுல வுட்டுட்டாங்க. கைக்கொழந்தையப் பாத்துக்கறதுக்காம்."

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு குழந்தை. இதற்கு எந்தக் கட்டம் என்று கணினி அமைத்தவர் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

ரேணுகாம்பாள் நினைத்தால் பெங்களூருக்கும் பஸ் ஏறியிருப்பார். ஆனால் எந்த வீடு என்று மாமன் வாயைத் திறக்க வேண்டும். திறக்க வைக்கக் குழுவின் உத்தரவு வேண்டும். வேறு மாநிலப் போலீசுக்குக் கடிதம் போக வேண்டும். இதெல்லாம் நடக்க மூடிய கோப்பைத் திறந்து கோதண்டராமன் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு கையெழுத்து. அதைப் போட்டால் நூறு சதவீதம் தொண்ணூற்றேழரை ஆகிவிடும்.

"மார்ச் முடியட்டும்மா," என்றார் கோதண்டராமன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "விருது அறிவிச்ச மறுநாள் மொதக் கையெழுத்து இதுதான். சத்தியமா."

"அதுவரைக்கும் அந்தப் பொண்ணு அங்க இன்னா சார் பண்ணும்?"

"இவ்ளோ நாள் பண்ணதத்தான்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

ரேணுகாம்பாள் இலவச உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொன்னார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள், எண் கொடுத்தார்கள், விதிப்படி சம்பந்தப்பட்ட மாவட்ட அலுவலகத்துக்கே அனுப்பி வைத்தார்கள். மூன்றாம் நாள் அது தபாலில் வந்தது. மேசைக்கு மேசை எடுத்துச் செல்லுதல் என்ற விதியின் கீழ், தன் புகாரைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கோதண்டராமன் மேசையில் வைத்தார் ரேணுகாம்பாள். "பரிசீலனையில்" என்று எழுதி அவர் இழுப்பறைக்குள் போட்டார்.

இந்த நிலையில்தான் தலைமை அலுவலகத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாதி மாவட்டங்கள் ஏழாவது அளவுகோலில் நூற்றுக்கு நூறு. அந்த மதிப்பெண்ணை நேரில் சரிபார்க்க வெளி நிறுவனம் ஒன்றை அமர்த்தினார்கள். திருவண்ணாமலைக்கு வந்தவர் தாட்சாயிணி, சென்னையில் புள்ளியியல் படித்தவர். ஆய்வுத் தேதியை ஆங்கிலக் காலண்டரைப் பார்த்துக் குறித்திருந்தார்கள். அது மாசிப் பௌர்ணமி.

அவருடைய கார் புறவழிச் சாலையிலேயே நிறுத்தப்பட்டது. மூன்று கிலோமீட்டர் நடந்து பகல் பதினொன்றரைக்கு அலுவலகம் வந்து சேர்ந்தபோது உள்ளே ஸ்கந்தன் மட்டும் இருந்தார். மற்ற எல்லாருக்கும் கிரிவலப் பாதையில், தொலைந்த குழந்தைகளுக்கான சாவடிகளில் டியூட்டி. கோதண்டராமன் குபேர லிங்கம் சாவடியில் இருந்து போனில் உத்தரவிட்டார்: "ஃபைலெல்லாம் காட்டு. சாப்பாடு வாங்கிக் குடு. நாலு மணிக்கு அனுப்பிடு."

தாட்சாயிணி நாற்பத்தொரு கோப்புகளையும் புரட்டினார். எல்லாவற்றிலும் ஒரே சொல், ஒரே கையெழுத்து, ஒரே பேனா.

"எனக்குக் குழந்தைங்களைப் பாக்கணும். ஒரு அஞ்சு பேரு போதும். வீட்டுக்கு இட்டுட்டுப் போங்க."

"ரோடெல்லாம் மூடியிருக்கு மேடம்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் கூட்டம் இருக்கும். பௌர்ணமி இன்னிக்குக் காலைல ஒன்பது அம்பத்தாறுக்கு ஆரம்பிச்சு நாளைக்குப் பத்து ஏழு வரைக்கும் இருக்கு." இத்தோடு நிறுத்தியிருந்தால் ஸ்கந்தன் நல்ல ஊழியர். நிறுத்தவில்லை. "ஆனா வீட்டுக்குப் போக வேணாம் மேடம். குழந்தைங்க இன்னிக்கு அவங்களே வருவாங்க."

"எங்க?"

"ஒரு டீக்கடைக்கு."

வாய் தவறி வந்துவிட்டது என்று ஸ்கந்தன் இன்றுவரை சொல்கிறார். குருக்கள் வீட்டில் பிறந்து ஆயிரக்கணக்கில் மந்திரம் மனப்பாடம் செய்த வாய் அது. அன்றைக்கு மட்டும் தவறியிருக்கிறது.

இருவரும் நடந்தார்கள். ஆசிரமங்களையும், வெள்ளைக்காரர்கள் காபி குடிக்கும் கடைகளையும், வரிசையாக லிங்கங்களையும் தாண்டி, கூட்டம் தள்ளிய வேகத்தில் மூன்றரை மணிக்கு அடி அண்ணாமலை வந்துவிட்டார்கள். வழியில் ஸ்கந்தன் கடமை தவறாமல் கோதண்டராமனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

குபேர லிங்கம் அடி அண்ணாமலையைத் தாண்டி இருக்கிறது. கோதண்டராமன் அங்கிருந்து அப்படியே திரும்பி நடந்திருந்தால் முக்கால் மணி நேரத்தில் கடைக்கு வந்து, இது சும்மா டீக்கடை மேடம் என்று சொல்லி அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். வண்டிக்கு வழியில்லை. ஆனால் கிரிவலப் பாதையில், அதுவும் பௌர்ணமி அன்று, மலையை வலமாகச் சுற்றும் லட்சம் பேருக்கு எதிராக இடமாக நடப்பதா? பதவியா, இருபத்திரண்டு ஆண்டா என்று ஒரு நிமிடம் நின்று யோசித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னோக்கி நடக்க ஆரம்பித்தார். முழு மலையையும் சுற்றி, பதினோரு கிலோமீட்டர், வெறுங்காலில்.

அவர் ஈசானிய லிங்கத்தைத் தாண்டும்போது தாட்சாயிணி பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். போளூர் பக்கத்துப் பெண் குழந்தை ஒன்று கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடி வந்து, செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, கேட்காமலே போளூர் காலில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றது.

"அத்தை, வெட்டுங்க!"

"இருடி, கையில மாவு. சாப்பாடு ஒழுங்கா போடறாங்களா?"

"போடறாங்க. முட்டதான் கம்மி."

"உங்கம்மாகிட்ட நான் சொல்றேன்." வெட்டினார், எழுதினார், பஜ்ஜி கொடுத்தார். பின்னாலேயே மூச்சு வாங்க அம்மா வந்து சேர்ந்தாள்.

தாட்சாயிணி எழுந்து வந்து பந்தல் காலைத் தடவிப் பார்த்தார். மடிக்கணினியில் இருந்த பட்டியலையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து பேரைப் பார்த்து நாற்பத்தொரு பேரை ஊகிப்பது அவருடைய தொழில். நாற்பத்தொன்றும் எதிரே நிற்கும்போது ஊகம் எதற்கு என்று மடிக்கணினியை மூடினார்.

"ஏங்க, ஒரு மாசத்துல உயரம் தெரியாதே? நூல் அளவுதான வளரும்?"

"தெரியாதுங்க," என்றார் ரேணுகாம்பாள். "ஆனா வந்துச்சா வரலையான்னு தெரியும். அதுக்குத்தான் வெட்டறது. போன்ல கேட்டா எல்லாப் புள்ளைங்களும் நல்லாத்தான் இருக்கும்."

தாட்சாயிணி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். முதுகலைப் பட்டத்துக்கு இரண்டு ஆண்டு படித்தவர். பிறகு நான்கு கால்களையும் சுற்றினார். இந்த மாதமோ போன மாதமோ வெட்டிய வெள்ளை முப்பத்தேழு பேருக்கு இருந்தது. ஒரு பையனுக்கு அம்மை வார்த்திருந்தது. வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கா தம்பி இருவர் குடும்பத்தோடு திருப்பூர் போயிருந்தார்கள். வாரம் ஒரு முறை கண்ணாயிரத்தின் போனில் வீடியோவில் வந்து பல் விழுந்ததைக் காட்டுவார்கள். ஆக நாற்பது.

"இது யாரு? இ, கார்த்திகை. எல்லாம் கறுப்பா இருக்கே?"

அந்தக் கேள்விக்காக ரேணுகாம்பாள் ஒரு மாதமாகக் காத்திருந்தார். இனியாவின் பெயரைச் சொன்னார். ஆணியில் தொங்கிய பையைச் சொன்னார். குழாயடியில் கேட்டதைச் சொன்னார். இழுப்பறைக்குள் இருக்கும் தன் புகாரின் எண்ணை, ஒரு இலக்கம் பிசகாமல் சொன்னார்.

தாட்சாயிணி படிவத்தில் எழுதினார்: "குழந்தை நேரில் காணப்படவில்லை." ஆய்வாளர் அப்படி எழுதிவிட்டால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கோப்பைத் திறந்தாக வேண்டும். அது விதி. கீழே அலுவலர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் கோதண்டராமன் வந்தார். நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து, இடது முட்டி வீங்கி, பாதத்தில் கொப்புளம். பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எதுக்கு சார் இவ்ளோ தூரம் சுத்தினீங்க? திரும்பி நடந்திருந்தா உடனே வந்திருக்கலாமே?" என்றார் தாட்சாயிணி.

"கிரிவலத்துல யாரும்மா திரும்பி நடப்பாங்க?" என்றார் கோதண்டராமன். கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

ரேணுகாம்பாள் டீயை வைத்தார். பக்கத்தில் படிவத்தை வைத்தார். "சார், கையெழுத்து."

அவர் படித்தார். "நூறு போச்சு."

"போச்சுதான் சார்," என்றார் தாட்சாயிணி. "நான் ஆறு மாவட்டம் பாத்துட்டேன். எல்லாம் நூறு. எங்கயும் ஒரு குழந்தையைக் காட்ட முடியல. ஒரு குழந்தை காணோம்னு தெரிஞ்ச மாவட்டம் உங்களோடது ஒண்ணுதான்."

கோதண்டராமன் செங்கம் காலைப் பார்த்தார். கறுத்த வெட்டு நான்கையும் விரலால் தொட்டார். "பேனா குடும்மா," என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "போன மாசமே போட்டிருக்கணும்."

"இப்ப போட்டீங்க இல்ல சார், டீ ஆறுது, குடிங்க," என்றார் ரேணுகாம்பாள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அரசாங்கம் முடிவு செய்துவிட்டால் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது அதற்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். மறுநாள் குழு கூடியது. மாமன் முகவரியைக் கக்கினான். ஒன்பதாம் நாள் இனியா பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள். அழைத்து வரப் போனவர்களோடு கோதண்டராமனும் முட்டிக் கட்டோடு போயிருந்தார். மாமன் வீட்டுக்கு அவளைத் திரும்ப அனுப்பவில்லை. டவுனிலேயே பள்ளி விடுதியில் சேர்த்தார்கள்.

மதிப்பெண் பட்டியல் ஏப்ரலில் வந்தது. கண்ணால் பார்க்கப்பட்ட குழந்தைகளை மட்டும் எண்ணியபோது மற்ற மாவட்டங்களின் நூறுகள் நாற்பதாகவும் முப்பதாகவும் கரைந்துவிட்டன. தொண்ணூற்றேழரை முதலிடம். கேடயம் வந்தது. மேடையில் கோதண்டராமன் வாங்கினார். அலுவலக அலமாரியில் வைக்கப்பட்டிருக்கும் அதை ரேணுகாம்பாள் திங்கள், வியாழன் துடைக்கிறார். கணினிப் பக்கத்தில் நான்காவதாக ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது: குழந்தையை நேரில் பார்த்த தேதி. மாவட்டத்துக்கு ஒரு எவர்சில்வர் உயரமானி வாங்க டெண்டர் விடப்பட்டதாகவும் கேள்வி. ரேணுகாம்பாளின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. பணி விவரத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. எந்த மதிப்பீட்டிலும் அவருக்குப் பங்கு இல்லை.

பங்குனிப் பௌர்ணமி அன்று மாலை இனியா விடுதித் தோழிகள் இரண்டு பேரோடு கடைக்கு வந்தாள். செங்கம் காலில் சாய்ந்து நின்றாள். வழக்கம் போலக் குதிகாலைத் தூக்கினாள். ரேணுகாம்பாள் வழக்கம் போலத் தோளை அழுத்தினார்.

"எக்காதடி. எக்காமலே வளந்துதான் இருக்கற."

கார்த்திகை வெட்டுக்கு மேலே ஒரு விரற்கடை. வெள்ளை வெளேரென்று ஒரு வெட்டு. கண்ணாயிரம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆழமா வெட்டு ரேணுகா, பந்தல் போனா போவுது," என்றார்.

ரேணுகாம்பாள் செய்தது இது: வீடு திரும்பிய நாற்பத்தொரு குழந்தைகளை மாதம் ஒரு முறை வரவழைத்துக் கண்ணால் பார்த்தார், ஒருத்தி வராதபோது, ஏன் வரவில்லை என்று பஸ் ஏறிப் போய்க் கேட்டார்.